கொம்பியூட்டர் ரிப்பேர் 11 வீதத்தில நிண்ட ராத்திரியும் அதுக்குப் பிறகு நான் படிச்ச விசயங்களும்

2024 டிசம்பர், நல்ல மாரி நேரம். திருகோணமலை உப்புவெளியில எங்கட வீடு கடலுக்குக் கிட்ட, காத்தும் மழையுமா அடிக்கத் தொடங்கினா கரண்ட் எப்ப போகும் எப்ப வரும் எண்டு சொல்லேலாது. நான் வீட்டில ஓஎல் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்கிறன், வினாத்தாள் எல்லாம் நானே கொம்பியூட்டர்ல அடிச்சுத்தான் குடுக்கிறது. அண்டைக்கு இரவு ஏழு மணி போல வேலைய முடிச்சிட்டு நிப்பாட்டப் போக விண்டோஸ் அப்டேட் தொடங்கிட்டு, கொம்பியூட்டர நிப்பாட்ட வேணாம் எண்டு நீலத் திரையில சொல்லிக்கொண்டு இருக்கேக்கயே கரண்ட் போச்சு. கரண்ட் போனா கொஞ்ச நேரம் தாங்குற பற்றரிப் பெட்டி, யூபிஎஸ், இருந்தது. ஆனா 2022 மார்ச் கடைசியில நாட்டில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் நிப்பாட்டின காலத்தில அது திரும்பத் திரும்ப அடியோட இறங்கி பற்றரி பழுதாகிட்டு, பிறகு மாத்துவம் மாத்துவம் எண்டு ரெண்டரை வருசம் போயிட்டுது. ஒரு செக்கன் கூடத் தாங்கேல்ல.

மெசின் 2017ல வாங்கினது, ஏழாவது தலைமுறை ஐ3, 1 டீபி ஹாட் டிஸ்க். அதுக்குள்ள ஏழு வருச வினாத்தாள் இருந்தது. அதவிடப் பெரிய விசயம், எங்கட அப்பா துறைமுகத்தில வேலை செஞ்ச காலத்துக் கதைகள அவரே சொல்ல நான் ரெக்கோர்ட் பண்ணி வச்ச ஆறு பைல். அப்பா இப்ப இல்ல. அந்த ஆறும் வேற எங்கயும் இருக்கேல்ல.

கரண்ட் வந்து போட்டா, டிரைவ் சி-ய ஸ்கேன் பண்ணி ரிப்பேர் பண்ணுது எண்டு ஒரு வரி, கீழ 11 வீதம். எட்டு மணிக்கும் 11, ஒன்பதரைக்கும் 11, பதினொண்டரைக்கும் அதே 11. எனக்குப் பொறுமை போயிட்டு, பவர் பட்டன அமத்திப் பிடிச்சு நிப்பாட்டிட்டன். திரும்பப் போட ஒட்டோமேட்டிக் ரிப்பேர் வந்திச்சு, உங்கட பீசிய ஆராயுறம் எண்டு கொஞ்ச நேரம் சுத்திச்சு, பிறகு ரிப்பேர் பண்ண முடியேல்ல எண்டு சொல்லிட்டு திரும்ப அதே இடத்துக்கு வந்து நிண்டுது. நான் திரும்பவும் குடுத்தன். பிறகு பைல்கள வச்சுக்கொண்டு ரீசெட் பண்ணுறது எண்ட ஒப்ஷனையும் குடுத்துப் பாத்தன், அது 1 வீதத்திலயே நிண்டுது, அதையும் பட்டன அமத்தி நிப்பாட்டினன். விடியிறதுக்குள்ள நாலு தரம். ஒரு பழுதான டிஸ்க்குக்கு நான் அந்த ராத்திரி செஞ்சதவிட மோசமா ஒருத்தரும் செய்யேலாது, அதாலதான் இத எழுதுறன். இந்த இடத்தில நிண்டு தவிக்கிற ஆக்கள் கனபேர் இருப்பீங்க, நான் செஞ்சத நீங்க செய்ய வேணாம்.

அடுத்த நாள் சிபியூவ ஆட்டோவில வச்சு டவுனுக்குக் கொண்டு போனன். கடைக்காரர் போட்டுப் பாத்திட்டு, போர்மட் அடிச்சு புது விண்டோஸ் போட்டுத் தாறன் டீச்சர், பின்னேரம் எடுக்கலாம் எண்டார். உள்ளுக்க இருக்கிற பைல்கள் எண்டு கேட்டன். அதுக்கு உறுதி சொல்லேலாது எண்டார். அவர் அத நேராச் சொன்னது நல்லது, ஏனெண்டா சொல்லாம அடிச்சிருந்தா நான் என்ன செய்யிறது. தூக்கிக்கொண்டு வீட்ட வந்திட்டன்.

பின்னேரம் மட்டக்களப்பில இருக்கிற சித்தப்பாட மகன் தம்பிக்கு கோல் எடுத்தன், அவன் கொம்பியூட்டர் வேலைதான் செய்யிறவன். என்ன எரர், என்ன விண்டோஸ் எண்டு கேப்பான் எண்டு நான் எல்லாம் எழுதி வச்சுக்கொண்டு இருக்க, அவன் கேட்ட முதல் கேள்வி வேற. "அக்கா, முன்னுக்கு இருக்கிற சின்ன லைட் மினுங்குதா, இல்லாட்டி ஒரேயடியா எரியுதா? காதக் கிட்ட வச்சு என்ன சத்தம் வருது எண்டு கேட்டுச் சொல்லுங்கோ."

நான் நிலத்தில இருந்து கேசிங்கில காத வச்சுக் கேட்டன். பேன் சத்தத்துக்கு அடியில இன்னொரு சத்தம். டிக், டிக், டிக், பிறகு ஒரு சின்ன இடைவெளி, திரும்ப அதே டிக், டிக், டிக். ஒரே தாளம், மாறவே இல்ல. சிவப்பு லைட் மினுங்காம அப்பிடியே எரிஞ்சுகொண்டு நிண்டுது. இதச் சொன்ன உடன அவன் "அக்கா, இப்பவே வயரக் கழட்டுங்கோ, இனி அதில ஒரு ரிப்பேரும் ஓட விடாதீங்கோ" எண்டான்.

அவன் விளக்கினத என்ர பாசையில சொல்லுறன். ரிப்பேர் எண்டு திரையில வாற வேலை, டிஸ்க்க மூலை மூலையா வாசிச்சு, பிழையான இடத்தத் திருத்தி திரும்ப எழுதுற வேலை. டிஸ்க் நல்லா இருந்தா அது நல்லாச் செய்யும். டிஸ்க்கில ஒரு இடம் வாசிக்கேலாமப் போயிருந்தா, டிஸ்க் அத விட்டிட்டு அடுத்ததுக்குப் போகாது, அதே இடத்தத் திரும்பத் திரும்ப வாசிக்கப் பாக்கும், அதுதான் அந்த டிக் டிக். அப்பிடி நூறு இடம் இருந்தா வீதம் நகராது. அந்த நேரம் முழுக்க ஏற்கனவே ஏலாத டிஸ்க்க நாங்க ஓட வச்சுக் களைக்கப் பண்ணுறம். போதாததுக்கு ரிப்பேர் அதில எழுதவும் பாக்குது. நடுவில பவர நிப்பாட்டினா பாதி எழுதினது பாதியில நிக்கும். ரிப்பேர் நிண்டுட்டு எண்டா, திரும்ப எப்பிடி ஓட வைக்கிறது எண்டு யோசிக்க முன்னம் டிஸ்க்குக்கு உயிர் இருக்கோ எண்டு பாக்கவேணும், அதுக்கும் முன்னம் உள்ளுக்க இருக்கிறத வெளிய எடுக்கவேணும். நான் தலைகீழாச் செஞ்சன்.

சரி, நிண்டு போறதுக்கும் மெதுவாப் போறதுக்கும் என்ன வித்தியாசம் எண்டும் அவனிட்டக் கேட்டன், ஏனெண்டா எல்லா 11 வீதமும் பழுதில்லயாம். நல்ல 1 டீபி டிஸ்க் ஒண்ட முழுக்க ஒருக்கா வாசிக்க, செக்கனுக்கு 100 எம்பி எண்டு வச்சாலும் ரெண்டே முக்கால் மணித்தியாலம் போகும். டிஸ்க்கச் சோதிக்கிற விண்டோஸ் கட்டளை செக்டிஸ்க், அதில பழுதான இடங்களையும் தேடச் சொன்னா அது அஞ்சு கட்டமா ஓடும், வீதக் கணக்கு ஒரு இடத்தில கன நேரம் நிண்டு பிறகு சட்டெண்டு பாயும். அதால லைட் ஒழுங்கில்லாம மினுங்கிக்கொண்டு, டிஸ்க் சத்தமும் மாறி மாறி கரகரத்துக்கொண்டு இருந்தா விட்டிடுங்கோ, ராத்திரி முழுக்க ஓடட்டும். ஒரே தாளத்தில டிக் டிக் எண்டா, இல்லாட்டி லைட் ஒரேயடியா எரிஞ்சு அசைவில்லாம நிண்டா, இல்லாட்டி லைட்டே எரியேல்ல எண்டா, அப்ப காத்துக்கொண்டு இருக்கிறதால ஒரு பிரயோசனமும் இல்ல. லப்டொப்பில எஸ்எஸ்டி, அதாவது சுத்துற பாகம் இல்லாத டிஸ்க் எண்டா சத்தம் வராது, லைட்டத்தான் பாக்கவேணும்.

இன்னொண்டும் சொன்னான், இது எங்கள மாதிரி கடற்கரை வழிய இருக்கிற ஆக்களுக்கு முக்கியம். டிஸ்க்குக்குப் போற ரெண்டு வயரையும் கழட்டி, முனையப் பாத்து, திரும்ப இறுக்கிப் போடச் சொன்னான். உப்புக் காத்தில இங்க கதவு ஆணியே ரெண்டு வருசத்தில துருப்பிடிக்குது, வயர் முனை எம்மாத்திரம். சிலருக்கு டிஸ்க் நல்லாத்தான் இருக்குமாம், வயர் இளகியோ கறுத்தோ போய்த்தான் எல்லாம் நிக்குமாம். நான் கழட்டிப் பாத்தன், டேட்டா வயர் முனையில பச்சை மாதிரி ஒரு படை. வேற வயர் ஒண்டு மாத்தினன். என்ர மெசினுக்கு அது காணேல்ல, ஆனா செலவில்லாத வேலை, முதல்ல செஞ்சு பாருங்கோ. பிளக்கக் கழட்டிட்டுச் செய்யவேணும், அது கட்டாயம்.

பிறகுதான் உண்மையான வேலை. விண்டோஸ் இல்லாம, பென் ட்ரைவில இருந்து லினக்ஸ் மின்ட் எண்ட, விண்டோஸுக்குப் பதிலாப் பாவிக்கிற இலவச சிஸ்டத்த ஓட விட்டு அதுக்குள்ளால பைல்கள எடுக்கச் சொன்னான். பக்கத்து வீட்டு அக்காட லப்டொப்ப வாங்கி, 3 ஜீபி கிட்ட இருந்தத ராத்திரி டேட்டாவில இறக்கி, ருஃபஸ் எண்ட சின்ன சொப்ட்வெயரால 8 ஜீபி பென் ட்ரைவில ஏத்தினன். போட்ட உடன எப்12 அமத்தினா எதில இருந்து தொடங்கிறது எண்டு கேக்கும், சில மெசின்ல எஸ்கேப், சிலதில எப்9, தொடங்கேக்க திரையில அடியில எழுதி வரும். மின்ட் வந்த உடன டெஸ்க்டொப்பில இன்ஸ்டோல் எண்டு ஒரு ஐகன் நிக்கும், அதத் தொடவே கூடாது. தொடாத வரைக்கும் அது உங்கட டிஸ்க்கில ஒண்டும் எழுதாது.

விண்டோஸ் பாதியில நிண்டதால மின்ட் அந்த டிரைவ வாசிக்க மட்டும்தான் திறந்துது, எழுத விடேல்ல. நான் ஏதோ பிழை எண்டு பயந்தன், தம்பி அதுதான் எங்களுக்கு வேணும் எண்டான். எல்லாத்தையும் ஒரேயடியாத் தெரிவு செஞ்சு கொப்பி குடுக்க வேணாம், மிக முக்கியமானத, சின்னத முதல்ல எடுங்கோ எண்டும் சொன்னான், ஏனெண்டா டிஸ்க் எத்தனை மணித்தியாலம் தாக்குப்பிடிக்கும் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. அப்பாட போல்டர முதல்ல எடுத்தன். நாலு பைல் டக்கெண்டு வந்திட்டு. அஞ்சாவதில நிண்டுது. டிக் டிக் டிக். கான்சல் பண்ணிட்டு, மிச்ச இடங்களுக்குப் போய் வினாத்தாள், பிள்ளைகளிட புள்ளிப் பதிவு, போட்டோ எல்லாம் போல்டர் போல்டரா வெளி டிஸ்க்குக்கு எடுத்தன். நிக்கிற பைலக் கண்டா பேரக் கொப்பியில எழுதிட்டு அடுத்ததுக்குப் போறது. காலமை நாலு மணிக்கு முடிஞ்சுது. நூத்துக்கணக்கான பைல்ல கொப்பியில எழுதினது ஒன்பதே ஒன்பது.

அந்த ஒன்பதுக்கும் டிடிரெஸ்கியூ எண்டு ஒரு சொப்ட்வெயர் இருக்கு, அத போன் ஹொட்ஸ்பொட்டக் குடுத்து மின்ட்டுக்குள்ளயே இறக்கினன். சாதாரண கொப்பி வாசிக்கேலாத இடத்தில முட்டிக்கொண்டு நிக்கும். இது அந்த இடத்த விட்டிட்டு சுகமா வாசிக்கக்கூடியத எல்லாம் முதல்ல அள்ளும், கஷ்டமான துண்டுகளுக்குக் கடைசியாத் திரும்பி வரும். எது எடுத்தது எது எடுக்கேல்ல எண்டு ஒரு சின்ன பைல்ல குறிச்சும் வைக்கும், அதால நடுவில நிப்பாட்டிட்டு அடுத்த நாள் விட்ட இடத்தில இருந்து தொடங்கலாம். கரண்ட் போற ஊரில இருக்கிற எனக்கு அது எவ்வளவு பெரிய உதவி. ஒரு பைலுக்கும் பாவிக்கலாம், முழு டிஸ்க்குக்கும் பாவிக்கலாம். முழு டிஸ்க்க எடுக்கிறதுதான் சரியான முறையாம், ஆனா அதுக்கு அதவிடப் பெரிய வேற டிஸ்க் வேணும், என்னட்ட இருக்கேல்ல.

அப்பாட அஞ்சாவது ரெக்கோர்டிங் முழுசா வந்துது. ஆறாவதில ஒரு சின்னத் துண்டு எத்தனை தரம் விட்டும் வரேல்ல. போட்டுக் கேட்டா, கப்பலில இருந்து மூட்டை இறக்கிற கதைய அப்பா சொல்லிக்கொண்டு போக 14ஆவது நிமிசத்தில சத்தம் அறுந்து, ஒரு மூண்டு செக்கன் கரகரத்து, பிறகு அவர் சிரிச்சுக்கொண்டு தொடருவார். அந்த இடத்தில அவர் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கு, கொப்பியில எழுதி வச்சிருக்கிறன். நான் அந்த நாலு தரம் ரிப்பேர் ஓட விடாம இருந்திருந்தா அந்த மூண்டு செக்கனும் இருந்திருக்குமோ எண்டு இப்பவும் யோசிக்கிறன்.

டிஸ்க்கிட நிலமைய மின்ட்டிலயே டிஸ்க்ஸ் எண்டதுக்குள்ள ஸ்மார்ட் டேட்டா எண்டு பாக்கலாம், அது டிஸ்க் தன்ர நிலமையத் தானே குறிச்சு வைக்கிற பட்டியல். நிறைய வரி வரும், எல்லாம் விளங்கத் தேவையில்ல. 5 எண்டு இலக்கம் போட்ட வரி, பழுதாகி மாத்தின இடங்களிட எண்ணிக்கை. 197, வாசிக்கேலாமக் காத்துக்கொண்டு நிக்கிற இடங்கள். 199 வயர்ப் பிரச்சினை. 5லயும் 197லயும் பூச்சியம் இருக்கவேணும். என்ர டிஸ்க்கில 197 நூறத் தாண்டி இருந்துது, முதல் நாள் பாத்ததுக்கும் அடுத்த நாள் பாத்ததுக்கும் கூடியிருந்துது. அப்பிடிக் கூடிக்கொண்டு போற டிஸ்க்க எந்த ரிப்பேராலயும் திருத்தேலாது. பயோஸ்ல, அதாவது விண்டோஸ் தொடங்க முன்னம் வாற அமைப்புத் திரையில, டிஸ்க்கிட பேரே வரேல்ல, இல்லாட்டி உள்ளுக்க உராயுற சத்தம் கேக்குது எண்டா நான் செஞ்ச இதுகளும் செய்ய வேணாம், நிப்பாட்டி வச்சிட்டு டேட்டா எடுக்கிற வேலையே செய்யிற ஆக்களிட்டக் குடுக்கவேணும் எண்டு தம்பி கண்டிப்பாச் சொன்னவன். திறந்து பாக்கவும் கூடாது.

ஒரு விசயம் நான் கடைசி நேரத்திலதான் நினைச்சன். எங்கட ஆசிரியர்மாரில கனபேர் இன்னும் பாமினி எண்ட பழைய தமிழ் எழுத்துருவிலதான் அடிக்கிறம். வினாத்தாள் பைல் மட்டும் வந்து பாமினி எழுத்துரு வரேல்ல எண்டா திறக்கேக்க தமிழ் ஒரு எழுத்தும் இருக்காது, எல்லாம் ஆங்கில எழுத்தாக் குழம்பிப் போய் நிக்கும். விண்டோஸ் போல்டருக்குள்ள பொன்ட்ஸ் எண்டு இருக்கிறதையும் சேத்து எடுங்கோ. டெஸ்க்டொப்பில கிடக்கிறதையும் டவுன்லோட்சையும் மறக்க வேணாம், ஆக்கள் டொக்கியூமென்ட்ஸ மட்டும் எடுத்திட்டு நிம்மதியா இருந்திடுவினம்.

பிறகு 240 ஜீபி எஸ்எஸ்டி ஒண்டு வாங்கிப் போட்டு விண்டோஸ் 10ஐப் புதுசா ஏத்தினன். டிஜிட்டல் லைசென்ஸ் மதர்போர்டோட சேந்து நிக்கிறதால கீ ஒண்டும் கேக்கேல்ல. 2025 ஒக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு வழமையான அப்டேட்டும் நிண்டுட்டு, விண்டோஸ் 11 ஏழாவது தலைமுறை ஐ3ஐ ஏத்துக்கொள்ளாது, அதால இப்ப அந்த மெசின்ல மின்ட்டத்தான் நிரந்தரமாப் போட்டு வச்சிருக்கிறன், பாமினியும் அதில நல்லா வேலை செய்யுது.

2025 ஜனவரியில பக்கத்து வீட்டு அக்காட லப்டொப் அதே மாதிரி ரிப்பேரில நிண்டுது. இந்த முறை நான் ஓடிப் போய் ஒண்டையும் அமத்தேல்ல. முதல் பிரச்சினை பிட்லொக்கர், அது டிஸ்க்கப் பூட்டி வைக்கிற விண்டோஸ் பாதுகாப்பு, திறக்க 48 இலக்கம் கேட்டுது. அக்கா அழாத குறை. அவட மைக்ரோசொப்ட் எக்கவுண்டுக்குள்ள அவட போன் வழியாப் போய்ப் பாக்க அங்க இருந்துது, இலக்கத்த நான் வாசிக்க அவ அடிச்சா. எல்லாரும் அந்த இலக்கத்த இப்பவே பாத்து ஒரு கடதாசியில எழுதி அலுமாரியில வையுங்கோ, மெசின் நிண்ட பிறகு தேடுறது பெரிய பாடு.

அதில மின்ட் கூடத் தேவைப்படேல்ல. ரிப்பேர் திரையில வாற அட்வான்ஸ்ட் ஒப்ஷனுக்குள்ள, கட்டளை அடிக்கிற கொமாண்ட் ப்ரொம்ப்ட்டத் திறந்து நோட்பேட் எண்டு அடிச்சா நோட்பேட் வரும், அதில பைல், ஓப்பன் எண்டு போய் கீழ ஓல் பைல்ஸ் எண்டு மாத்தினா எல்லா டிரைவும் தெரியும், அங்கயே ரைட் கிளிக் பண்ணி கொப்பி எடுத்து பென் ட்ரைவில பேஸ்ட் பண்ணலாம். தம்பி சொல்லித் தந்ததிலயே எனக்கு மிகவும் பிடிச்சது இதுதான். இன்னொரு பிரயோசனமும் இருக்கு, ரிப்பேர் சூழலுக்குள்ள டிரைவ் எழுத்து மாறி நிக்கலாம், நாங்க சி எண்டு நினைக்கிறது அங்க டி ஆகவோ ஈ ஆகவோ இருக்கும், அது தெரியாம சி-க்குக் கட்டளை குடுத்தா பிழையான இடத்தில போய் முட்டும். நோட்பேட்டில பாத்தா விண்டோஸ் போல்டர் எதுக்குள்ள இருக்கு எண்டு தெரிஞ்சிடும்.

பைல் எல்லாம் எடுத்த பிறகு எஸ்எப்சி எண்ட, விண்டோஸிட சொந்த பைல்களச் சோதிச்சுத் திருத்துற கட்டளையக் குடுத்தம். ஒரு ரிப்பேர் ஏற்கனவே நிலுவையில நிக்குது, ரீஸ்டார்ட் பண்ணினாத்தான் முடியும் எண்டு சொல்லிச்சு. ரீஸ்டார்ட் பண்ணினாலும் அதையேதான் சொல்லுது. அதுக்குக் காரணம் பாதியில நிண்ட அப்டேட். அட்வான்ஸ்ட் ஒப்ஷன்லயே அன்இன்ஸ்டோல் அப்டேட்ஸ் எண்டு இருக்கு, அதில கடைசியா வந்த குவாலிட்டி அப்டேட்டக் கழட்டினம், இருவது நிமிசம் சுத்திச்சு, லைட் மினுங்கிக்கொண்டே இருந்ததால ரெண்டு பேரும் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு பேசாமப் பாத்துக்கொண்டு இருந்தம். லப்டொப் எழும்பிட்டு. டிஸ்க் நல்லா இருந்தா ரிப்பேர் கேக்கும், இதில எனக்கு இப்ப சந்தேகமே இல்ல.

யூபிஎஸ்ஸுக்கு அந்த மாசமே பற்றரி மாத்தினன். புது யூபிஎஸ் தேவையில்ல, உள்ளுக்க இருக்கிறது 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணித்தியால (7Ah) பற்றரி, அத மட்டும் வாங்கிப் போடலாம், வயர் ரெண்டும் நிறம் பாத்துக் கொழுவினாக் காணும். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பதினொரு மணி தாண்டின நேரம் முழு நாட்டுக்கும் கரண்ட் போச்சே, அண்டைக்கு வகுப்புப் பிள்ளைகள் முன் விறாந்தையில இருக்க நான் உள்ளுக்க வினாத்தாள் அடிச்சுக்கொண்டு இருந்தன். யூபிஎஸ் கீ கீ எண்டு கத்திச்சு. சேவ் பண்ணி, எல்லாத்தையும் மூடி, ஒழுங்கா ஷட்டவுன் குடுத்து, லைட் அணையும் வரைக்கும் பாத்துக்கொண்டு நிண்டிட்டுத்தான் பிள்ளைகளிட்டப் போனன். கரண்ட் வந்த பிறகு போட்டன், நேரா டெஸ்க்டொப்புக்கு வந்துது, நான் விட்ட ஒன்பதாவது கேள்வியில இருந்து அடிக்கத் தொடங்கினன்.